பி. அன்னாளுக்கு வாரிசு தேடிய கட்டிங் மாஸ்டர்

திருப்பூரிலிருந்து ஸ்வீடனுக்குப் பனியன் போகாத வாரம் கிடையாது. ஆனால் ஸ்வீடனிலிருந்து இங்கே வந்து இறங்கிய ஒவ்வொரு ஆளையும் வழிமறித்து, "உங்களுக்கு எந்த ஊருங்க? உங்க பாட்டன் பேரு என்னங்க?" என்று விசாரித்த மனிதர் இந்த ஊர்ப் பனியன் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவருக்கு ஸ்வீடன் மாஸ்டர் என்று பேர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ ஒரு பேர் இருந்திருக்கும். வாட்ச்மேன் முதல் முதலாளி வரை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாலக்காட்டைத் தாண்டாத அந்த மனிதரைத்தான் ஒரு தேசத்தின் பேரால் கூப்பிட்டோம்.

வீரபாண்டிப் பக்கம் இருக்கிற எங்கள் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்த காகிதத்தைப் பரப்பி, மிஷினால் வெட்டுகிற வேலை. விரல் போகாமல் இருக்க இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய உறை ஒன்று மாட்டுவார்கள். மற்றவர்கள் வெட்டி முடித்ததும் கழற்றி வைப்பார்கள். மாஸ்டர் கழற்ற மாட்டார். அந்தக் கையால்தான் கொதிக்கிற டீ கிளாசைப் பிடிப்பார், அந்தக் கையால்தான் வண்டி ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் பண்ணும்போதும் அந்தக் கைதான் மேலே போகும். கோபம் வந்தால் கையை ஆட்டுவார். சலங்கைச் சத்தம் கேட்கும். பீகாரிலிருந்து வந்து எங்களிடம் துணி விரிக்கிற சந்தோஷ் அந்தச் சத்தம் கேட்டாலே, "ஸ்வீடன் ஆ ரஹா ஹை", அதாவது ஸ்வீடன் வருகிறது என்று போனைப் பைக்குள் போட்டுவிடுவான்.

ஒருமுறை ஸ்வீடனிலிருந்து இரண்டு பேர் கம்பெனியைச் சோதிக்க வந்தார்கள். தீயணைப்புக் குழாய் இருக்கிறதா, கக்கூஸ் சுத்தமா, யாரையாவது கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா என்று பார்க்கிற சோதனை. அதில் ஒருவர் மாஸ்டரிடம், இங்கே வேலை செய்வது திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் தமிழில் சொன்னேன்.

"திருப்தியாத்தான் இருக்குதுங்க. நீங்க எந்த ஊருங்க?"

அவர் தலைநகரத்தின் பேரைச் சொன்னார்.

"அது பொழைக்க வந்த ஊருங்க. பூர்வீகத்தக் கேளு கண்ணு."

சோதனை அறிக்கையில், தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில், 'ஒரு தொழிலாளி எங்களுடைய தாத்தாக்களைப் பற்றி அளவுக்கு மீறிய அக்கறை காட்டினார்' என்று ஒரு வரி வந்தது. முதலாளி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டிங் செக்சனுக்கே நடந்து வந்தார். "ஏனுங்க மாஸ்டர், கம்பெனிய மூடிப்போட்டு நாம ரெண்டு பேரும் கல்யாணத் தரகுக்குப் போயிரலாமுங்களா? ஊரு, பாட்டன், பூர்வீகம்னு எல்லாம் நல்லா விசாரிக்கறீங்க."

"போலாமுங்க மொதலாளி. எனக்கு வேண்டிய ஒரு ஊடு கெடைச்சப்பறம் போலாமுங்க" என்றார் மாஸ்டர்.

நான் மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள். கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது வெளிநாட்டுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுகிற வேலை. இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று மாஸ்டர் நம்பினார். அதைவிட மோசம், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் வந்தார். "கண்ணு, ஸ்வீடன்ல ஒரு ஊடு கண்டுபுடிக்கோணும். ஒரு லெட்டர் எழுது."

"எந்த ஊருங்க மாஸ்டர்?"

"ஊரு தெரிஞ்சா நானே போஸ்ட் பண்ணீருவனே. உன்னிய எதுக்குக் கேக்கறேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய காலனியைத் தாண்டி, ஒரு சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி, கம்பி கேட்டு ஒன்று. பெரிய பூட்டு. கம்பி வழியாகப் பார்த்தால் அரை ஏக்கர், ஒரு வேப்பமரம், வரிசையாகச் சிலுவைகள். நடுவில் ஒரு கல்லறைக்கு மேல் கல்லில் செதுக்கிய தேவதை நின்றது. இறக்கை இருந்தது. கூடவே மூக்குத்தியும், காதில் தோடும், கழுத்தில் காசுமாலையும் இருந்தன. திருமுருகன்பூண்டிச் சிற்பிகளிடம் சொல்லிச் செய்த கல்லாம். அம்மன் மட்டுமே செதுக்கிப் பழகிய கை, இறக்கையைக் கூடுதலாக வைத்துக் கொடுத்திருந்தது. கீழே 'பி. அன்னாள்' என்று தமிழில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அன்னாளம்மா ஸ்வீடனிலிருந்து வந்தவள். நூறு வருஷத்துக்கு முந்திய கதை. வாந்திபேதியில் காலனி கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது மாட்டு வண்டியில் வந்து இறங்கி, யாரும் தொடாதவர்களைத் தொட்டு மருந்து கொடுத்திருக்கிறாள். அனுப்பி வைத்த மிஷன்காரர்கள் டவுனுக்கு வந்துவிடச் சொன்னார்கள். வர மாட்டேன் என்று அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். அந்தக் காலத்தில் காலனி ஆட்களுக்குப் புதைக்க இடம் கிடையாது, ஓடைக்கரைதான். மழை பெய்து ஓடை வந்தால் புதைத்தவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அன்னாளம்மா தன் கைக்காசைப் போட்டுத் தன் பேரிலேயே இந்த அரை ஏக்கரை வாங்கினாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு எடம் வாங்கித் தாறேன்னு எல்லாருந்தான் சொல்றாங்க" என்றார் மாஸ்டர், கம்பியைப் பிடித்தபடி. "செத்தவனுக்கு எடம் வேணும்னு அவளுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு? அதத் தெரிஞ்சுக்கோணும் கண்ணு எனக்கு."

மூன்றாவது வரிசையில் கடைசிச் சிலுவையைக் காட்டினார். "அது ரூபி. எம்பட ஊட்டுக்காரி. அதுக்குப் பக்கத்துல ஒரு கல்லு கெடக்குது பாரு, அது நான் போட்டது. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கறாப்புல."

ரூபியக்காவைப் புதைத்த சில மாதத்தில் சாயப்பட்டறைக்காரர் இந்தக் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் செத்தவர்களையெல்லாம் டவுன் மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தாலுகா ஆபீசில் போய்க் கேட்டதற்கு ரொம்ப எளிமையாகச் சொன்னார்கள். பட்டா பி. அன்னாள் பேரில் இருக்கிறது. அவளுடைய வாரிசு யாராவது வந்து நின்றால் இடம் அவர்களுக்கு. வாரிசு இல்லையென்றால் அரசாங்கத்துக்கு. அரசாங்கத்துக்கு வந்தால் லாரி நிறுத்தக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று சாயப்பட்டறைக்காரர் ஏற்கெனவே மனுப் போட்டிருக்கிறார்.

"அவ ஆளுக ஒருத்தர் கெடைச்சாப் போதும் கண்ணு. ரூபி மேல லாரி ஏத்த மாட்டாங்க."

முதலில் முறைப்படி வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான்தான் படித்தவன் யோசனை சொன்னேன். இ-சேவை மையத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இறந்தவங்க ஆதார் கார்டு குடுங்க."

"அவங்க வெள்ளைக்காரன் காலத்துலயே போய்ட்டாங்கம்மா."

"ரேஷன் கார்டு?"

"அது வர்றதுக்கும் முன்னாடிங்கம்மா."

"சரிங்ணா. என்ன சாதி?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "ஸ்வீடன்னு போடும்மா" என்றார். அப்படி ஒன்று பட்டியலில் இல்லை. 'இதர' என்று போட்டாள். விண்ணப்பதாரருக்கு இறந்தவர் என்ன உறவு என்ற இடத்தில் 'வேண்டியவர்' என்று போடச் சொன்னார். அதுவும் பட்டியலில் இல்லை. இறந்தவரின் தகப்பனார் பேர் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இனிஷியல் பி தானுங்களே?" என்று 'பொன்னுசாமி' என்று அடித்துவிட்டாள். கம்ப்யூட்டர் உடனே நகர்ந்தது. ஸ்வீடனில் பிறந்த அன்னாளம்மா அன்று பகல் பதினொரு மணிக்குப் பொன்னுசாமி மகள் ஆனாள்.

வெளியே வந்து மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். "ஆனா கண்ணு, அந்தப் புள்ள சொன்னதுல ஒரு ஞாயம் இருக்குது. அந்த பி, அவங்கப்பன் பேராத்தான் இருக்கும்."

நான் விளக்கினேன். வெள்ளைக்காரர்களுக்கு இனிஷியல் கிடையாது, குடும்பப் பேர்தான் உண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே பேர் வரும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். ரொம்பத் தெளிவாக விளக்கினேன். "படிச்சவன் சொன்னாச் செரிதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு வருஷம் நான் ஸ்வீடனில் 'பி'யில் தொடங்கும் குடும்பப் பேர்களுக்கெல்லாம் மெயில் எழுதினேன். டீ இடைவேளை தவறாமல் எழுதினேன். அந்த ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள், பதில் போடாமல் இருப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை, உங்கள் முயற்சி வெல்லட்டும் என்றார்கள். ஒருவர் தன் நாயின் படத்தை அனுப்பினார். மாஸ்டர் ஒவ்வொரு பதிலையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நாயின் படத்தையும் வெகுநேரம் பார்த்தார். "நாயி லட்சணமா இருக்குது. ஆனா நம்ம ஊட்டு நாயி இல்ல" என்றார்.

மூன்றாம் வருஷம் ஒரு தை மாதத்தில் இங்கிரிட் என்ற அம்மாள் சரக்குத் தரம் பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், நிறையக் கிழவிகளோடு பேசிப் பழகின முகம். மாஸ்டர் வழக்கம்போல வழிமறித்தார். மற்றவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். இந்த அம்மாள் நின்று, ஊரைச் சொல்லி, பாட்டன் பேரைச் சொல்லி, பாட்டனுக்கு ஒரு கால் ஊனம் என்பதையும் சொல்லிவிட்டு, "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். மாஸ்டர் போனில் இருந்த கல்லறைப் படத்தைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"பி. அன்னாள்" என்றேன். "பி என்பது குடும்பப் பேர்."

"கிராமத்துப் பெண்ணா?"

"அப்படித்தான் நினைக்கிறோம்."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் கிராமங்களில் ஏழை எளியவர்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது. அப்பா பேரோடு 'மகள்' என்று சேர்த்துச் சொல்வோம். இது அவளுடைய அப்பா பேராகத்தான் இருக்க வேண்டும். இங்கே வந்ததும் உங்கள் ஆட்கள் அதைச் சுருக்கிவிட்டார்கள்.

நான் இதைத் தமிழில் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டமான மெயில் எழுதியிருக்கிறேன், கப்பல் தவறியதற்கு, சாயம் போனதற்கு. அந்த நாலு வரியைத் தமிழில் சொன்ன கஷ்டம் எதிலும் பட்டதில்லை. சொல்லி முடித்தேன். மாஸ்டர் இரும்புக் கையை என் தோளில் வைத்தார். "பாத்தியா கண்ணு, உனக்கும் எனக்கும் இருக்கறாப்புலதான் அவளுக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கிரிட் ஊருக்குப் போன பத்தாம் நாள் மெயில் வந்தது. அங்கே ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் பாதிரியார் வீடு வீடாகப் பேரேடு வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். யார் எப்போது பிறந்தார், யாருக்கு எழுத்து வாசிக்க வரும், யாருக்கு அம்மை போட்டது, யார் எந்த ஊருக்குப் போனார் எல்லாம் அதில் உண்டு. அதையெல்லாம் படம் பிடித்து இன்டர்நெட்டில் வைத்திருக்கிறார்கள். அப்பா பேர் பெட்டர் என்று கொண்டு தேடி, 'இந்தியாவுக்குப் போனாள்' என்று எழுதியிருந்த அன்னாவைப் பிடித்துவிட்டார்.

மாஸ்டர் அன்றைக்குக் கட்டிங் டேபிளில் அட்டை வெட்ட ஆரம்பித்தார். சட்டைக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனி அட்டையில் அளவு வெட்டி, ஒரு கம்பியில் கோத்து ஆணியில் மாட்டி வைப்பது எங்கள் வழக்கம். அதே மாதிரி பெட்டருக்கு ஒரு அட்டை, பெண்டாட்டிக்கு ஒரு அட்டை, ஆறு பிள்ளைகளுக்கு ஆறு. இறந்துபோனவர்கள் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, நாங்கள் நாட்ச் என்போம். மெயில் வர வரப் பின்னோக்கிப் போய் ஏழு தலைமுறை சேர்ந்தது. எக்ஸெல், டபுள் எக்ஸெல் அளவு அட்டைகளுக்கு நடுவே பெட்டர் குடும்பம் தொங்கியது.

பெட்டர் யார் என்று இங்கிரிட் எழுதியிருந்த பாராவை மட்டும் மாஸ்டர் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். சொந்த நிலம் இல்லாதவன். பண்ணைக்காரர் நிலத்தின் ஓரத்தில் குடிசை. குடிசைக்கு வாடகையாக வாரத்தில் இத்தனை நாள் பண்ணையில் வேலை. வேண்டாம் என்று பண்ணைக்காரர் சொன்னால் அன்றே கிளம்ப வேண்டும். ஒரு குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் வந்து ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகள் செத்தன. மண் கல்லாக உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியாமல், இளகுகிற வரை மூன்றையும் பண்ணைக்காரரிடம் கேட்டு அவர் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அப்போது அன்னாவுக்கு ஒன்பது வயசு.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது, மாஸ்டர்தான் வெட்டவில்லை.

"நம்மாளு கண்ணு" என்றார் கடைசியில். "பண்ணையத்து ஊட்டுப் புள்ள. எடத்துக்கு அடுத்தவங்ககிட்டக் கேட்டு நின்னவ. அதான் கப்பலேறி வந்து மொதக் காரியமாக் குழிக்கு எடம் வாங்கிப்போட்டா."

அந்த வீட்டில் பிழைத்தவர்கள் மூன்று பேர். ஓர் அண்ணன் அமெரிக்காவுக்குப் போய்ப் பிள்ளையில்லாமல் செத்தான். அன்னா இங்கே வந்தாள். கிறிஸ்டினா என்ற தங்கை மட்டும் ஸ்வீடனிலேயே இருந்தாள். அவளுக்கு ஒரு மகன், அவனுக்கு ஒரு மகள், மார்த்தா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், முதியோர் இல்லத்தில் இருந்தாள். மார்த்தாதான் வாரிசு. இங்கிரிட் அந்த இல்லத்தைத் தேடிப் போனார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மார்த்தா இறந்துவிட்டாள். கடைசி வரை ஞாபகம் தெளிவாக இருந்ததாம். படுக்கைக்கு மேலே, ஒரு வேப்பமரத்தடியில் கறுத்த பிள்ளைகள் நடுவே வெள்ளைச் சேலை கட்டி நிற்கும் ஒரு பெண்ணின் படத்தை மாட்டி வைத்திருந்தாளாம். கேட்பவர்களிடமெல்லாம், "எங்கள் பெரிய பாட்டி. அவளைப் பற்றி யாராவது ஒருநாள் விசாரித்து வருவார்கள்" என்பாளாம்.

எட்டு மாதம். நான் 'பி'க்கு மெயில் எழுதியது இரண்டு வருஷம். இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் மார்த்தாவின் அட்டையை எடுத்து நாட்ச் போட்டார். "உடு கண்ணு. தொண்ணூறு வயசுக் கெழவி நம்ம தாலுகா ஆபீசு பெஞ்சுல வந்து உக்காந்திருப்பாளா? மூட்டப்பூச்சி கடிச்சே போயிருப்பா" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தார். அன்று மத்தியானம் அவர் வெட்டிய அடுக்கு முழுவதும் பின்கழுத்து முன்கழுத்து ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. முப்பது வருஷத்தில் அவர் கை தவறியது அன்றைக்கு மட்டும்தான். முதலாளி வந்து பார்த்தார். இரண்டு பக்கமும் முன்பக்கமாகக் கிடந்த பனியன்களைப் புரட்டிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போனார்.

விசாரணைக்கு நாள் வந்தது. மாஸ்டர் அட்டைகளையெல்லாம் பார்த்து, துணி மேல் பரப்புகிற நீளக் காகிதத்தில் வம்சம் முழுவதையும் பேருக்கு ஒரு பெட்டியாக வரைந்து சுருட்டி எடுத்து வந்தார். தாலுகா ஆபீசில் விரித்தார். மேஜை தாண்டியது, பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கினார்கள், வராந்தாவுக்குப் போய், சாதிச் சான்றிதழ் வரிசையை இரண்டாகப் பிளந்தது. அப்போதும் சுருளில் மீதி இருந்தது.

அதிகாரி எழுந்து காகிதத்தின் ஓரமாகவே நடந்து வாசித்தார். "இதுல பொன்னுசாமி எங்கய்யா?"

"பொன்னுசாமி இல்லீங்க சார். பெட்டருங்க."

"கம்ப்யூட்டர்ல பொன்னுசாமின்னு இருக்கே?"

"அது கம்ப்யூட்டர் நகரட்டும்னு போட்டதுங்க."

செத்துப்போன மூன்று பிள்ளைகளின் பெட்டிகளுக்கு முன்னால் அதிகாரி நின்றார். "ஒரே வாரத்துலயா?"

"ஆமாங்க சார். சின்னதுக்கு ரெண்டு வயசுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாருமே செத்துட்டாங்களேய்யா. உசுரோட ஒருத்தர் வேணுமே எனக்கு."

"ஒருத்தர் இருந்தாங்க சார். எட்டு மாசம் முன்னாடி வரைக்கும்" என்றார் மாஸ்டர். அப்போது என் பக்கம் திரும்பவே கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார். அது எனக்குத் தெரிந்தது.

சாயப்பட்டறைக்காரர் தரப்பில் வந்தவர், "வாரிசு இல்லைன்னு ஆயிப்போச்சுங்களே" என்றார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார். இன்னொரு வழி உண்டு என்றார். அந்த இடம் இன்றைக்கும் புதைக்கப் பயன்படுகிறது என்றால், அரசாங்க நிலமானாலும் இடுகாடு என்று பதிவு செய்யலாம். அப்புறம் யாருக்கும் குத்தகை விட முடியாது. "கடைசியா எப்பப் பொதச்சீங்க?"

"மூணு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. எம்பட ஊட்டுக்காரிதானுங்க கடைசி. அப்பறம் கேட்டுப் போட்டுட்டாங்க."

"மூணு வருஷமா இல்லைன்னா பயன்பாட்டுல இல்லைன்னுதான் எழுதணும். ஒரு மாசம் தர்றேன். வேற ஏதாவது ஆதாரம் இருந்தாக் கொண்டா. போதும், சுத்துய்யா, ஜனங்க நடக்கணும்."

அந்த ஒரு மாதம் மாஸ்டர் காலனியில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் உடம்பை விசாரித்தார். இருமல் கேட்ட வீட்டில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மூன்றாம் நாளே விஷயம் புரிந்து, ஒரு கிழவி விளக்குமாற்றோடு தெருமுனை வரை துரத்தி வந்தாள். "ஏன்டா, எனக்கு நாள் குறிக்கவா வந்தே? போயி உம்பட ஸ்வீடன்காரியக் கேளு, அவதான் சும்மா படுத்திருக்கா!"

மறுநாள் டீக்கடையில் மாஸ்டர் வருத்தத்தோடு சொன்னார். "காலனியில ஒரு ஆளும் சாகறாப்புலயே தெரியல கண்ணு. ரேசன் அரிசி நல்லா வேல செய்யுது."

நான் சிரித்தேன். சந்தோஷும் புரிந்த மட்டும் சிரித்தான்.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில், துணி விரித்துக் காகிதம் பரப்பி மிஷினைப் போட்டவர் ஏனோ நிறுத்தினார். துணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். சந்தோஷ் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். சட்டைப் பையில், நெஞ்சு வலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்த சீட்டு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய சீட்டு. அதன் பின்பக்கம் பெட்டர் வீட்டுப் பிள்ளைகளின் வயசு எழுதியிருந்தது.

குளிப்பாட்டும்போது இரும்பு உறையைக் கழற்றினோம். உள்ளே வெயில் படாமல் கை வெளுத்துக் கிடந்தது. அந்த ஒரு கை மட்டும் ஸ்வீடன்காரர் கை மாதிரி இருந்தது.

காலனி மொத்தமும் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. பூட்டு தொங்கியது. எங்கள் முதலாளியும் வந்திருந்தார். சாயப்பட்டறைக்காரர் அவருக்குப் பெண் கொடுத்த வழியில் சொந்தம். போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "ஏனுங்க மாப்ளே, எங்க மாஸ்டர் வாசல்ல வந்து நிக்கறாருங்க. அவர நிக்க வெச்சுப் பேசறது மரியாதையில்லீங்க. சாவியக் குடுத்தனுப்புங்க." பதினைந்து நிமிஷத்தில் வாட்ச்மேன் சாவியோடு வந்தான். பின்னாலேயே சாயப்பட்டறைக்காரரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்றார்.

துண்டு போட்டு வைத்திருந்த இடத்திலேயே குழி வெட்டினோம். மண் இளகித்தான் இருந்தது.

கிராம நிர்வாக அதிகாரி பதிவேட்டோடு வந்திருந்தார். "எழுதிக்கறேன். இறந்தவர் பேரு, தகப்பனார் பேரு சொல்லுங்க."

பேராவது சம்பளச் சீட்டில் கிடைக்கும், தகப்பனார் பேர் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை; காலனிக் கிழவிகளும் அவர் அப்பாவைப் பட்டப்பேரால்தான் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பெட்டரின் பாட்டி எந்த மாதத்தில் செத்தாள் என்று தெரியும். மூன்று வருஷம் ஒன்றாக டீ குடித்த மனிதரின் அப்பா பேர் தெரியவில்லை. உலகத்துக்கெல்லாம் பாட்டன் பேர் கேட்டவரிடம் திருப்பி ஒருவரும் கேட்டதில்லை.

அப்போதுதான் தாலுகா ஆபீசில் விரிக்காமல் விட்ட மீதிச் சுருள் ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு ஓடிப்போய் எடுத்து வந்து விரித்தேன். எங்கள் வேலையில் முழுக் கோடு போட்டால் வெட்ட வேண்டும், புள்ளிக் கோடு போட்டால் சேர்த்துத் தைக்க வேண்டும். அன்னாளம்மாவின் பெட்டிக்குக் கீழே முழுக் கோடு இல்லை. புள்ளிக் கோடுகள் மட்டும் இறங்கின, ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றின் முனையிலும் அந்த அரை ஏக்கரில் படுத்திருக்கிற ஒருவரின் பேரும் அவர் அப்பா பேரும். ரூபி கடைசிக்கு முந்தினவர். கடைசிப் பெட்டியில் மாஸ்டருடைய பேரும் தகப்பன் பேரும் இருந்தன. நான் வாசித்தேன், கிராம நிர்வாக அதிகாரி எழுதிக்கொண்டார்.

விசாரணை நாளில் அந்தப் பதிவேட்டின் நகலைக் கொடுத்தேன். அதிகாரி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் காகிதக்காரரா?" என்றார். அரை ஏக்கர் இடுகாடு என்று பதிவாகிவிட்டது. கேட்டு இருக்கிறது, பூட்டு இல்லை.

போன மாதம் எங்களுக்குப் புதுக் கட்டிங் மாஸ்டர் வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. ஆணிகளில் தொங்குகிற பழைய அட்டைகளையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தவர், ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"இது எந்த ஸ்டைலுங்க சார்? கைய மாதிரியும் இல்ல, கழுத்து மாதிரியும் இல்ல. எல்லாத்துலயும் நாட்ச் போட்டிருக்குது. கடேசி ஒண்ணுல மட்டும் போடாம உட்டுருக்காங்க. போட்டறட்டுங்களா, இல்ல மொத்தமாத் தூக்கி வீசீரட்டுங்களா?"

கடைசி அட்டை, மாஸ்டர் தனக்கென்று வெட்டிக் கோத்தது. "ரெண்டும் வேண்டாங்க" என்றேன். "அப்படியே மாட்டி வைங்க. ரிபீட் ஆர்டர் வரும்."